விகுதிப் பிழை

இரவு பதினொன்றே கால்.
நீர்ப்பாசனத் திணைக்களத்தின் இரண்டாம் மாடியில்
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.
திரையில் ஐம்பது கோடுகள், இடியப்பச் சிக்கல்.
ஒவ்வோர் இழையும் ஒரு மழை.
முப்பது இழைகள் களனியின் தலைமாட்டில் வந்து விழுகின்றன.
மீதி இருபதும்
தாழமுக்கத்தோடு கடலிலேயே மனம் மாறி
வடக்கே போகின்றன.

நூற்றுக்கு அறுபது என்கிறது கணக்கு.
அறுபது வீத மழை என்று
எந்தக் கூரையிலும் பெய்ததில்லை.

மலையில் இரண்டு நீர்த்தேக்கங்கள்
விளிம்புக்கு நாலடி குறைவில் நிற்கின்றன.
இப்போது திறந்தால்
அந்த நீர் ஓர் இரவும் ஒரு பகலும் நடந்து
நாகலகம் வீதி அளவுகோலைக் கடந்து
முகத்துவாரத்தில் கடலுக்குள் போய்விடும்,
பின்னால் வரும் நீர் இடம் கேட்குமுன்.
விடிந்து, நிச்சயமான பிறகு திறந்தால்
இரண்டு நீரும் வெல்லம்பிட்டியில் சந்தித்துக்கொள்ளும்.

மின்சார சபையிலிருந்து விஜேதிலக:
"ஒவ்வோர் அடியும் காசு, மிஸ்.
காசைக் கடல்ல கொட்டப் போறீங்க."
நீர் வழங்கல் சபையிலிருந்து முதலில் ஓர் இருமல், பிறகு குரல்:
"மாசியில ஆறு மெலியும். உப்பு அம்பத்தலை வரைக்கும் ஏறும்.
அப்ப எங்களுக்கு விட என்ன வெச்சிருப்பீங்க?"
இருவர் சொல்வதும் சரி.
பிழையானவர்களோடு பேசுவது இதைவிடச் சுகம்.

பிறகு ரிஸ்மியா ஒரு படம் அனுப்பினாள்.
வெல்லம்பிட்டிக் குசினி. ஆறு சீமெந்துக் கல். பக்கத்தில் பிரிட்ஜ்.
சுவரில் போன வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு,
அதையொட்டி மகனின் உயரம் குறித்த பென்சில் கோடுகள்.
பையன் இப்போது
வெள்ளத்தைவிட இரண்டு விரல் உயரம்.
"தூக்கவா வாணாமா? வீதமெல்லாம் வாணாம்.
ஓமா, இல்லையா?"

ஓம் என்று அனுப்பினேன்.
அனுப்பிய பிறகுதான் தெரிந்தது
முடிவெடுத்துவிட்டேன் என்று.

குறிப்புப் புத்தகத்தில்:
23.40. மூன்று வான்கதவுகள், படிப்படியாக.
இரண்டடி இறக்கம். கரையோரங்களுக்குச் சைரன்.
காரணம்: முன்னறிவிப்பு.
பெய்த மழைக்கே கணக்கெழுதிப் பழகிய புத்தகம்.
பெய்யப்போகும் மழைக்கு அதில் நிரல் இல்லை.
ஓரத்தில் நெருக்கி எழுதி
வி. சுகிர்தா என்று ஒப்பமிட்டேன்.

மழை வந்தது.
பாதிதான் வந்தது.
மூன்றாம் நாள், நாகலகம் வீதியில்
சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே
ஆறு கொஞ்சம் நின்று யோசித்து
இறங்கிப் போனது.
திறக்காதிருந்தால் எதுவரை ஏறியிருக்கும்?
ஓர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து கணித்தேன்.
அந்த எண் என் லாச்சியில் இருக்கிறது.
யாரும் கேட்கவில்லை.
ரிஸ்மியா மட்டும் எழுதினாள்:
"சும்மா தூக்க வெச்சிட்டாய்.
நாலு நாளா ஸ்டூல் போட்டு ஏறி
பால் எடுக்கிறன்."

மாசி. தெமட்டகொடை.
குழாய் இரண்டு தரம் செருமிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.
காலைத் தேநீரில் மெல்லிய கடல்.
பவுசர் வரிசையில் என் வாளி பதினேழாவது.
நீல வாளி, கைபிடியில் கம்பி கட்டியது.
முன்னால் நிற்பவர் திரும்பி
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொல்கிறார்:
"கார்த்திகையில எவனோ ஒரு மடையன்
தண்ணியெல்லாம் திறந்து விட்டானாம்."

மடை திறப்பவன் மடையன்.
சொல் சரிதான், ஐயா,
விகுதி மட்டும் பிழை.

சொல்லவில்லை.
வரிசை ஓரடி நகர்ந்தது.
வாளியைக் காலால் தள்ளிவிட்டு
அண்ணாந்து பார்த்தேன்,
பழக்கத்தில்.